மீதி வராத கணக்கு

அத்தியாயம் 5

செத்துப்போன புருஷன் மேல் துப்புத் துலக்கச் சொல்லி எங்களைக் கூப்பிட்ட முதல் ஆள் ஏமி டீச்சர்தான். உயிரோடு இருக்கிற புருஷன்மார் மேல் என்றால் மாதம் மூன்று கேஸ் வரும். குலிம் டவுனில் எங்கள் துப்பறியும் ஆபீஸ் கதவு திறந்திருப்பதே அந்தப் புண்ணியவான்களால்தான்.

"அவருக்குப் பாலிங்ல இன்னொரு குடும்பம் இருந்திருக்கு," என்றார் டீச்சர், எங்களை உட்காரக்கூடச் சொல்லாமல். "அவ யாருன்னு தெரியணும். இன்னிக்கு நாலு மணிக்குக் காடிய விக்கிறேன். அதுக்கு முன்னால தெரியணும்."

மணி பதினொன்று. ஐந்து மணி நேரத்தில் ஒரு சக்களத்தியைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் ரூபினியைப் பார்த்தேன். அவள் போர்ச்சில் நின்ற காடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரூபினி என் முதலாளி. பதினான்கு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட காடிகளைச் சோதித்தவள். எங்கே நசுங்கியது, எங்கே பூசி மறைத்தது என்று பார்த்துப் பார்த்து, மனிதர்களையும் அதே கண்ணால்தான் பார்ப்பாள். நான் டெஸ்மண்ட். பத்து வருடம் பழைய காடி விற்றவன். உண்மையைச் சொல்லி விற்றேன், அதனால் ஒன்றும் விற்கவில்லை, அதனால் இப்போது இவளுக்கு உதவியாள். அவளைவிட எட்டு வயது மூத்தவன் என்பதால் என்னை அண்ணே என்று கூப்பிட்டுத்தான் திட்டுவாள்.

காடி சிவப்பு மாஸ்டா கார். தொண்ணூற்றாறாம் வருடத்தது. இரண்டே சீட், துணிக்கூரை. முன்விளக்குகள் மூடிக் கிடக்கும், சுவிட்சைப் போட்டால் தவளைக் கண் மாதிரி எழும்பும். இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால் தோட்ட மேனேஜர் மாற்றலாகிப் போகும்போது டீச்சரின் கணவர் டிரசர் ரஃபேல் அதை வாங்கினார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற ஆளுக்கு ஸ்போர்ட்ஸ் காடி கேக்குதாக்கும் என்று டீச்சர் வீடு இருக்கிற பாடாங் செராய் மொத்தமும் சிரித்ததாம். போன மார்ச்சில் மாரடைப்பில் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

டீச்சர் கையில் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவர். இந்த ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய பாதிப் பேர் அவரிடம் வாய்ப்பாடு தப்பாகச் சொல்லி அடி வாங்கியவர்கள்தான்.

"காடிய எதுக்கு எடுப்பாரு தெரியுமா? மாசத்துல ஒரு ஞாயிறு குலிம் கோயிலுக்கு. ஜூலையில புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருநாளுக்கு. எப்பயாச்சும் சொந்தக்காரங்க கல்யாணம். மத்ததுக்கெல்லாம் மோட்டார்சைக்கிள்தான். வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடுனா அதிகம். வாங்குறப்ப மீட்டர்ல பதினெட்டாயிரம். அப்போ இப்ப எவ்வளவு இருக்கணும்?"

"நாற்பத்திரண்டாயிரம்," என்றேன், அடிக்குப் பயந்து வேகமாக.

"போய்ப் பாருங்க."

எட்டிப் பார்த்தேன். 186,494.

"அலாமாக்!"

"கூடுதலா ஒரு லட்சத்து நாப்பத்து நாலாயிரத்துச் சொச்சம்," டீச்சர் நோட்டைத் திறந்தார். குரலில் அழுகை இல்லை. "இருபத்து நாலு வருஷத்தால வகுத்தேன். ஒரு வருஷத்துக்கு அம்பத்திரண்டு வாரம், அதால வகுத்தேன். வாரத்துக்குக் கிட்டத்தட்ட நூத்திப் பதினாறு. இங்கேருந்து பாலிங் அம்பத்தெட்டு கிலோமீட்டர். போக வர எவ்வளவு, நீயே சொல்லு தம்பி."

மனதுக்குள் கூட்டிப் பார்த்தால் அதே நூற்றுப் பதினாறு.

"சனிக்கிழமை ஆனா தூண்டில் எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவாரு. நான் காலையிலேயே டியூஷனுக்குப் போயிருவேன். மோட்டார்ல போறாரா காடியில போறாரான்னு நான் எங்க கண்டேன்? கல்யாணத்துக்கு முந்தி பாலிங் தோட்டத்துலதான் வேலை பாத்தாரு. அது ஊருக்கே தெரியும்."

"பாலிங்னு உங்களுக்கு முதல்ல சொன்னது யாரு, டீச்சர்?" ரூபினி கேட்டாள்.

"குணாளன். என்கிட்டப் படிச்சவன். குலிம்ல பழைய காடி வாங்கி விக்கிறான். இவர் காடிய வருஷா வருஷம் அவன்தான் சர்வீஸ் பண்ணுவான். அடக்கம் முடிஞ்ச மறுவாரம் வந்து, பேட்டரி செத்துக் கெடக்குன்னு லாரியில ஏத்திக் கொண்டுபோனான். ரெண்டு நாள்ல கொண்டாந்து விட்டான். அப்பதான் கேட்டான்: 'சார் இவ்வளவு தூரம் எங்கதான் ஓட்டுனாரு டீச்சர்? சனிக்கிழமையில பாலிங் பக்கம் பாத்திருக்கேன், சொன்னா வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லல' அப்படின்னான்."

மேசையில் ஒரு காகிதம் கிடந்தது. கல்லறைக் கல் வெட்டுகிறவரின் படிவம். 'அன்புக் கணவர்' என்று எழுதி, அதன் மேல் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு இழுத்திருந்தது.

"கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஒம்பது நாள்," என்றார் டீச்சர், நான் பார்த்ததைப் பார்த்து. "பேரும் தேதியும் மட்டும் போதும்னு சொல்லப்போறேன். ஏழு மாசமா நான் அந்தப் பக்கம் போகல. இனி போகவும் மாட்டேன். காடி கண்ணு முன்னால நிக்கிறவரைக்கும் சோறு எறங்க மாட்டேங்குது. குணாளன் இருபத்திரண்டாயிரம் வெள்ளி தரான். ஒழியட்டும்."

இருபத்திரண்டாயிரம் ரிங்கிட் அந்த மீட்டருக்கு நியாயமான விலைதான். சாதாரணக் காடிக்கு வயதானால் விலை இறங்கிக்கொண்டே போய்ப் பழைய இரும்புக் கடையில் முடியும். ஸ்போர்ட்ஸ் காடியும் இருபது வருடம் அப்படித்தான் விழும். அதன் பிறகு ஒரு பைத்தியக்காரக் கூட்டம் அதைத் தேட ஆரம்பிக்கும். இளவயதில் வாங்க முடியாத ஆசையை ஐம்பது வயதில் வாங்க வருகிற கூட்டம் அது. எவ்வளவு ஓடியிருக்கு, எதை மாற்றியிருக்கு என்று இரண்டே கேள்விதான் கேட்பார்கள். இதே காடி நாற்பதாயிரம்தான் ஓடியது, உள்ளே ஒரு திருகாணிகூட மாறவில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு தொண்ணூறாயிரம் வெள்ளி கொடுப்பார்கள். ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் என்றால் டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் உள்ளே ஏறி உட்கார்ந்தேன். தொப்பைக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் ஒரு பஞ்சாயத்து நடந்து முடிந்ததும், தலையைக் குனிந்து கிளட்ச் மிதியைப் பார்த்தேன். ரப்பரில் வரி வரியாக இருந்த கோடுகள் அப்படியே இருந்தன. ஸ்டீயரிங் தோலில் சொரசொரப்பு போகவில்லை. ஏறி இறங்கித் தேய வேண்டிய சீட்டு ஓரம் விறைப்பாக நின்றது. சாவித் துவாரத்தைச் சுற்றி நாலே கீறல்.

"ரூபினி, இந்தக் காடி இவ்வளவு ஓடல. மீட்டர் பொய் சொல்லும், மிதி பொய் சொல்லாது."

"நல்லாப் பாத்துக்குவாரு தம்பி," வாசலிலிருந்து டீச்சர் சொன்னார். "ரெண்டு வீட்டப் பாத்துக்கிட்டவருக்கு ஒரு காடியப் பாத்துக்கிறது பெரிசா?"

ரூபினி என் காதோரம் குனிந்தாள். "மீட்டரைக் குறைச்சு வைக்கிற திருடனைப் பாத்திருக்கேன். கூட்டி வைக்கிறவனைப் பாத்ததில்ல. ஆனா மிதி தேயலங்கிறது சாட்சி ஆகாது அண்ணே. புதுசு மாத்திட்டாருன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. அவர் சாகறப்ப மீட்டர்ல என்ன இருந்துச்சுன்னு தெரியணும்."

"செத்தவரையா கேக்க முடியும்?"

"பக்கத்து வீட்டைக் கேக்கலாம்."

பக்கத்து வீடு மருதம்மாள் அக்காவுடையது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ரூபினி போகிற வழியில் தெருவையும் ஒரு நோட்டம் விட்டாள்.

"அண்ணே, இந்த வரிசையில நாலு வீட்டுப் பக்கவாட்டுலயும் புது வாஷிங் மெஷின் இருக்கு. ஒரே மாதிரி, ஒரே வெள்ளை. டீச்சர் வீட்டுல மட்டும் பழசு."

"ஒரே கடையில மலிவு விற்பனையா இருக்கும்."

"இல்லன்னா வாயை மூடறதுக்கு யாராச்சும் வாங்கிக் குடுத்திருக்கணும்."

மருதம்மாள் அக்கா எங்களைப் பார்த்ததும் சிரித்தார். ரூபினி டீச்சர் பெயரைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது.

"டிரசர் சனிக்கிழமை காடிய எங்கயாச்சும் எடுத்துக்கிட்டுப் போவாராக்கா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் உண்டு என் வேலை உண்டுன்னு இருக்கிறவ. மீட்டரையெல்லாம் நான் பாக்கவே இல்ல!"

கையிலிருந்த கைலி மண்ணில் விழுந்தது. அதை எடுக்காமலேயே அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த வீட்டில் ஜன்னல் துணி ஆடியது. அதற்கடுத்த வீட்டில் ரேடியோ சத்தம் நின்றது.

"நான் மீட்டர்னு ஒரு வார்த்தை சொன்னேனா?" ரூபினி கேட்டாள்.

"சொல்லல. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லன்னு அதுவா வந்து விழுது."

மூலையில் டீ விற்கிற ஓர் ஒட்டுக்கடை. நான் தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நாற்பது வருடம் ஒரே வேலியைப் பகிர்ந்துகொண்டவர்கள். டீச்சருக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவருகிறவர்கள். நாலு மெஷினுக்காக ஒரு பொம்பளையைத் தனியாக வேக விட்டுவிட்டார்களே! குணாளன்தான் வாங்கிக் கொடுத்திருப்பான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

யோசித்துக்கொண்டே பேனாவை எடுத்து உள்ளங்கையில் 6494 என்று எழுதினேன். கை தன்னால் செய்கிற வேலை அது. விபத்தான லாரி நம்பர், புதுக் காடி நம்பர், செத்தவர் வீட்டு நம்பர், எதைப் பார்த்தாலும் கடைசி நாலு இலக்கத்தை எழுதிக்கொள்வேன். சாயங்காலம் நம்பர் கடையில் அதை லாட்டரியாக இரண்டு வெள்ளிக்கு எடுப்பேன். இருபது வருடமாக ஒன்றும் அடித்ததில்லை.

ரூபினி என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"திட்டாத. ரெண்டே வெள்ளிதான்," என்றேன்.

"திட்டலண்ணே. செத்தவர் காடி மீட்டர்லகூடவா நம்பர் எடுப்பாங்க?"

"என்ன கேள்வி இது? பிளேட் நம்பரை ஊரே எடுத்திரும். நமக்கு முன்னாலயே வித்துத் தீந்திரும். வெவரமானவங்க மீட்டரைத்தான்..."

நான் நிறுத்தினேன். அவள் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தாள். தே தாரிக் பாதியிலேயே போயிற்று.

சாத்தியிருந்த மருதம்மாள் அக்கா வீட்டுக் கதவை ரூபினி தட்டவில்லை. ஜன்னலோரம் நின்று மெதுவாகக் கேட்டாள். "அக்கா, எந்தப் பரிசு அடிச்சது?"

பிறகு கதவு திறந்தது. மருதம்மாள் அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"ரெண்டாவது பரிசும்மா. டிரசர் செத்தன்னிக்கு, காடிக் கண்ணாடியில தொங்குற செபமாலைய எடுத்துட்டு வா, அவர் கையில வைக்கணும்னு டீச்சர்தான் என்னை அனுப்புனாங்க. எடுக்கப் போனவ கண்ணுல மீட்டர் பட்டுச்சு. போனுல ஒரு படம் புடிச்சேன். நாலு வீடும் சேர்ந்து எடுத்தோம். அந்த வாரமே அடிச்சிருச்சி. அந்தக் காசுலதான் இந்த வாஷிங் மெஷினெல்லாம். அந்த மனுஷன் போகும்போதுகூட நமக்குக் குடுத்துட்டுல்ல போயிருக்காருன்னு நாங்க அழுதோம்."

"டீச்சர்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? சூதாட்டம்னாலே எரிஞ்சு விழுவாங்க. புருஷன் பொணம் வீட்டுல கெடக்கிறப்ப நம்பர் எடுத்தோம்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்ல? அவங்க பங்கை எடுத்து வெச்சிருக்கோம். குடுக்கலாம்னு போனா கதவையே தொறக்கிறதில்ல. எங்க பாவம்தான் அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சு போலன்னு நாங்க ஒதுங்கிட்டோம்."

"படம் இருக்கா?"

"அடிச்ச நம்பரை யாராச்சும் அழிப்பாங்களா?"

போனில் படம் இருந்தது. கறுப்பு மீட்டரில் வெள்ளை எண்கள், அக்காவின் விரல்களில் சுற்றிய செபமாலை, மேலே மார்ச் மாதத் தேதி. 041726.

மூன்றரை மணிக்கு அந்தப் படத்தை டீச்சர் முன்னால் வைத்தோம். மருதம்மாள் அக்கா வாசலோடு நின்றுகொண்டார். எல்லாவற்றையும் கேட்ட டீச்சர் அக்காவைத் திட்டவில்லை. நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, பென்சிலால் எழுத ஆரம்பித்தார். 186,494 கழித்தல் 41,726. விடை 144,768.

அதை இருபத்து நாலால் வகுத்தார். 6,032. மீதி பூஜ்யம்.

அதை ஐம்பத்திரண்டால் வகுத்தார். 116. மீதி பூஜ்யம்.

பென்சில் நின்றது.

"மீதியே வரல," என்றார். "எப்படி வராம இருக்கும்? ஒரு வாரம் காய்ச்சல்னு படுத்திருக்க மாட்டாரா? ஒரு தரம் ரோடு அடைச்சு சுத்திப் போயிருக்க மாட்டாரா? மனுஷன் ஓட்டுன காடிக்கு மீதி இருக்கும். பள்ளிக்கூடத்துல போடுற கணக்குக்குத்தான் மீதி இருக்காது." அவர் நிமிர்ந்து பார்த்தார். "சின்னப் பிள்ளைங்க பயப்படக்கூடாதுன்னு நான்தான் சரியா வகுபடுற மாதிரியே கணக்குக் குடுப்பேன். முப்பது வருஷமும் அப்படித்தான் குடுத்தேன்."

ரூபினி தலையாட்டினாள். "டீச்சர் வகுத்துப் பாப்பீங்கன்னு அவனுக்குத் தெரியும். அதனால விடையை முதல்ல வெச்சுக்கிட்டு, கணக்கைப் பின்னாலேருந்து போட்டிருக்கான்."

நாலு மணிக்குக் குணாளன் வந்தான். தங்கச் சங்கிலி, வெள்ளைச் சட்டை, கையில் பெயர் மாற்றுகிற படிவம். எங்களைப் பார்த்ததும் நடை கொஞ்சம் தளர்ந்தது.

"யாரு டீச்சர் இவங்க?"

"உக்காரு. இதைக் கழி." டீச்சர் பென்சிலை நீட்டினார். "186,494. அதுல 41,726-ஐக் கழி."

இரண்டாவது எண்ணைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது. பென்சிலை வாங்கவில்லை.

"காடிய நான் இன்னும் வாங்கவே இல்லையே டீச்சர். எதுக்கு இதெல்லாம்? விக்கப் பிடிக்கலன்னா விட்டுருங்கலா."

"பழைய காடி உடைக்கிற பொத்தோங் கடையிலேருந்து ஒரு மீட்டர் வாங்குன," என்றாள் ரூபினி. "எண்ணை உனக்கு வேண்டிய மாதிரி திருப்பி வெச்சு இதுல மாட்டுன. பழைய மீட்டர் உன் கடையிலதான் இருக்கு. நாளைக்கு அதைத் திரும்ப மாட்டினாத்தானே தொண்ணூறாயிரம் கெடைக்கும்? அதைத் தூக்கிப் போட நீ முட்டாள் இல்ல."

"முழுப் பேரைச் சொல்லு தம்பி," என்றேன் நான். "போலீஸ் ரிப்போர்ட்டுல எழுத்துப்பிழை வந்தா டீச்சருக்குப் பிடிக்காது."

டீச்சர் என்னைக் கையமர்த்தினார். விலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"குணாளா. அவரைப் பாலிங்ல பாத்தியா?"

அவன் கையிலிருந்த படிவத்தைச் சுருட்டினான்.

"ஒரே ஒரு தரமாச்சும்?"

"இல்ல டீச்சர். காடி மேல உங்களுக்கு வெறுப்பு வந்துட்டா விலை பேசாமக் குடுத்துருவீங்கன்னு... சும்மா சொன்னேன் டீச்சர்."

"சும்மா!" டீச்சர் எழுந்தார். அறைந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கடவுளே அறையட்டும் என்று வேண்டவும் செய்தேன். அவர் கை ஓங்கவில்லை. "அஞ்சு வருஷம் என் வகுப்புல இருந்த. எந்தக் கணக்குலயும் மீதிய விட்டுட்டு வந்து நிப்ப. வாழ்க்கையில ஒரே ஒரு கணக்கை மீதியில்லாமப் போட்ட. அதையும் என் வயித்துல அடிக்கத்தானாடா போட்ட? போய் அந்த மீட்டரை எடுத்துக்கிட்டு வா."

நான் கூடவே போய் அழைத்து வந்தேன். ஐந்தரைக்குள் பழைய மீட்டரை அவனே மாட்டினான். ரூபினி கூப்பிட்டிருந்த போலீஸ்காரர் இருவர் கேட்டருகே நின்று அவன் முடிக்கிறவரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, என்னைக் கோயில் கல்லறைக்குக் கொண்டுபோறியா?" என்று டீச்சர் என்னிடம் கேட்டார். "இந்தக் காடியிலயே."

நான் ஓட்டினேன். பக்கத்துச் சீட்டில் டீச்சர், மடியில் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருந்தார். ரூபினியும் மருதம்மாள் அக்காவும் எங்கள் காடியில் பின்னால் வந்தார்கள். இஞ்சின் அவ்வளவு சுத்தமாக ஓடியது. தொண்ணூறாயிரம் என்ன, அதற்கு மேலேயே கொடுப்பான் ஒருத்தன் என்று சொல்ல வாய் வந்தது. டீச்சர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

கல்லறையில் மண் மேடுதான் இருந்தது. புல் முளைத்திருந்தது. மற்றவர்களுடைய கல்லறைகளைத் திருநாளுக்காகச் சுத்தம் செய்து வெள்ளையடித்திருந்தார்கள். டீச்சர் குனிந்து புல்லைப் பிடுங்கினார். மருதம்மாள் அக்கா ஓடிப்போய்க் கூடப் பிடுங்கினார்.

பையிலிருந்து மெழுகுவத்திகள் வந்தன. மாதத்துக்கு ஒன்றாக ஏழு. காற்றில் அணைந்து அணைந்து போனதால் நாங்கள் நாலு பேரும் சுற்றி நின்று மறைத்துக்கொண்டோம். கடைசியாக ஏழும் எரிந்தன.

டீச்சர் மண்ணில் முட்டி போட்டார். முப்பது வருடம் ஊர்ப் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மை போட்ட கை, அந்த மண்ணைத் தடவிக்கொண்டே இருந்தது.

"ஏங்க," என்றார். "நான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேங்க."